லீஸில் எத்தனை வருசம் மிச்சம்?

லண்டனில் ஃபிளாட் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். மோட்கேஜ் வட்டி எவ்வளவு, சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, பக்கத்து ஃபிளாட் என்ன விலைக்குப் போனது எல்லாம் எங்கள் ஆட்களுக்கு விரல் நுனியில் இருக்கும். லீஸில் எத்தனை வருசம் மிச்சம் என்று கேட்டால் பலரும் முழிக்கிறார்கள். ஊரில் இரண்டு பரப்புக் காணி வாங்குவதென்றாலும் பழைய உறுதிகளைப் புரட்டி, எல்லைக்காரரிடமும் விசாரித்துவிட்டுத்தான் காசைக் கொடுக்கிற சனம் நாங்கள். இங்கே மூன்று லட்சம் பவுண்டுக்கு வாங்கிய வீட்டின் லீஸைத் திறந்தே பார்ப்பதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ்ஹோல்ட் ஃபிளாட் வாங்கியவர், லீஸ் என்ற ஒப்பந்தத்தில் எழுதிய வருசங்களுக்குத்தான் சொந்தக்காரர். கவனிக்க வேண்டிய இலக்கம் 80. மிச்சம் 80 வருசத்துக்கு மேல் இருக்கும்போது நீட்டித்தால் ஒரு விலை. அதற்குக் கீழே இறங்கிவிட்டால் ‘மேரேஜ் வால்யூ’ என்ற ஒன்று சேர்ந்துகொள்ளும். லீஸை நீட்டியதும் ஃபிளாட்டின் மதிப்புக் கூடும் அல்லவா, அந்தக் கூடுதலில் சரிபாதியை ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது கட்டடத்துக்கும் நிலத்துக்கும் நிரந்தரச் சொந்தக்காரருக்கு, கொடுக்க வேண்டும். செங்கல் ஒன்றைக்கூட அவர் எடுத்து வைக்கவில்லை. மோட்கேஜ் கட்டியது நாங்கள், கூரை திருத்தக் காசு கொடுத்தது நாங்கள். பாதி அவருக்கு. இதை நான் நியாயம் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது ஏன் அவசரம் என்றால், இரண்டு வகை ஃபிளாட்டுகள் இந்த வருசங்களில்தான் 80-ஐ நெருங்குகின்றன. ஒன்று, 2008 நெருக்கடிக்கு முன்பு கட்டி 99 வருச லீஸில் விற்றவை. மற்றது, 1980களில் கவுன்சில் ஃபிளாட்டுகளை அங்கே குடியிருந்தவர்களுக்கே விற்றபோது கொடுத்த 125 வருச லீஸ்கள். 1982-இல் தொடங்கிய லீஸ் 2107-இல் முடியும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: ஒரே கட்டடத்தில் முதலில் விற்ற ஃபிளாட்டின் லீஸ் முடியும் நாளிலேயே பின்னால் விற்றவற்றின் லீஸும் முடியும்படி எழுதக் கவுன்சிலுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. அதனால் 1995-இல் விற்ற ஃபிளாட்டுக்கும் 1982-இலிருந்தே எண்ணிக்கை ஓடலாம். ஏஜென்ட் சொன்னதை நம்ப வேண்டாம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டுக்குப் பதிவை எடுத்து, தொடங்கிய தேதியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டேன். 3,00,000 பவுண்ட் ஃபிளாட், கிரவுண்ட் ரெண்ட் (ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை) வருசத்துக்கு 100 பவுண்ட். 81 வருசம் மிச்சமிருந்தால் நீட்டிக்க ஏறக்குறைய 7,000. 79-க்கு இறங்கினால் 11,000-ஐத் தாண்டும். 70-இல் 20,000 பக்கம் போகும். மதிப்பிடுபவரைப் பொறுத்து முன்பின்னாகலாம், ஆனால் ஏறும் திசை மாறாது. இதோடு உங்கள் சொலிசிட்டர், சர்வேயர் செலவு. ஃப்ரீஹோல்டரின் நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும்கூட இன்றைய விதிப்படி உங்கள் தலையில்தான்.

ஈஸ்ட்ஹாமில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருக்கு ஃப்ரீஹோல்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்ல தடித்த தாள், மரியாதையான ஆங்கிலம். “உங்கள் லீஸை மறுபடி 99 வருசமாக்கித் தருகிறோம், இந்த விலை 21 நாளுக்கு மட்டும்.” அவர் சந்தோசப்பட்டு, சீட்டுக் காசை எடுத்துக் கட்டிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். மிச்சம் இருந்தது 81 வருசம். ஆக அவருக்குக் கிடைப்பது 18 வருசம். பழைய லீஸ் காலம் முடியும்வரை கிரவுண்ட் ரெண்டும் அப்படியே தொடரும் என்று இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. லீஸை நீட்டிக்கும் உரிமையைத் தரும் 1993 சட்டப்படி போனால் மிச்சமுள்ளதற்கு மேல் 90 வருசம் கிடைக்கும், கிரவுண்ட் ரெண்ட் அன்றோடு பூச்சியம். கேட்ட காசோ ஏறத்தாழ ஒன்றுதான். “அக்கா, கையெழுத்து மட்டும் வைத்துவிடாதேங்கோ” என்றேன்.

சட்டப்படி போவதென்றால் செக்ஷன் 42 நோட்டீஸ், அதாவது லீஸை நீட்டித் தரும்படி ஃப்ரீஹோல்டரிடம் அந்தச் சட்டப்படி கேட்கும் அறிவித்தல், கொடுக்க வேண்டும். கொடுக்கும் நாளில் எத்தனை வருசம் மிச்சமோ, அதை வைத்துத்தான் விலை. பேச்சுவார்த்தை இழுபட்டு நடுவில் 80-க்குக் கீழே இறங்கினாலும் உங்களுக்குப் பாதகமில்லை. ஃப்ரீஹோல்டர் பதில் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அவர் கேட்கும் விலை ஒத்துவராவிட்டால், அந்தப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் நோட்டீஸ் செத்துவிடும். மறுபடி கொடுக்க ஒரு வருசம் காத்திருக்க வேண்டும். 80-ஐ ஒட்டி நிற்பவருக்கு அந்த ஒரு வருசம் பெரிய அடி. ஆகவே வீடு வாங்க உதவிய அதே சொலிசிட்டரிடம் கண்ணை மூடிக்கொண்டு போகாமல், லீஸ் நீட்டிப்பையே வேலையாகச் செய்பவரைப் பிடியுங்கள். அரசின் பண உதவியோடு இயங்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் ஆரம்ப ஆலோசனையை இலவசமாகவே தருகிறது.

“புதுச் சட்டம் வருகிறதாமே, பொறுப்போம்” என்கிறார்கள். 2024 மே மாதத்தில் சட்டம் நிறைவேறியது உண்மை. 990 வருச நீட்டிப்பு, மேரேஜ் வால்யூ ஒழிப்பு இரண்டும் அதில் இருக்கின்றன. வாங்கி இரண்டு வருசம் பொறுத்தால்தான் நீட்டிக்கலாம் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31-ஓடு போய்விட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து ஃப்ரீஹோல்டர்கள் போட்ட வழக்கை 2025 அக்டோபரில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் எங்களுக்கு வேண்டிய அந்த இரண்டும் இதை எழுதும்வரை நடைமுறைக்கு வரவில்லை.

என் கருத்து இது. 80-க்கும் 84-க்கும் இடையில் இருப்பவர்கள் பொறுக்க வேண்டாம், நோட்டீஸைக் கொடுங்கள். ஏற்கெனவே 75, 76 என்று இறங்கியவர்கள், விற்கவோ ரீமோட்கேஜ் போடவோ அவசரமில்லை என்றால் பொறுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. விற்கும் எண்ணம் இருந்தால் பொறுக்க முடியாது; லீஸ் குறையக் குறைய வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும், வாங்க வருபவரும் அதைச் சொல்லியே விலையை அடிப்பார்.

சட்டத்தை நிறைவேற்றிவிட்டு அமுலுக்கு வரும் நாளைச் சொல்லாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் யாரோ ஒரு குடும்பத்தின் லீஸ் 80-ஐத் தாண்டிக் கீழே போகிறது, அவர்களின் சேமிப்பு ஃப்ரீஹோல்டரின் கணக்குக்குப் போகிறது. ஹாரோவிலும் இல்ஃபோர்டிலும் டூட்டிங்கிலும் எங்கள் தேர்த்திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் எம்.பி.மார் வருகிறார்கள், பொன்னாடை போடுகிறோம், படம் எடுக்கிறோம். அடுத்த முறை வரும்போது படத்துக்கு முன்னால் கேளுங்கள்: மேரேஜ் வால்யூவை எந்தத் தேதியில் நிறுத்தப் போகிறீர்கள்?