வலிச்சா கத்தாதா?

ஆய்வுக்கூடக் குரங்குகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிமருந்து எதற்கு என்று நேற்றைய நேரலையில் ஓர் அண்ணன் பேசியதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். லிங்க் போட்டு அவருக்கு இன்னும் நாலு பார்வை சேர்த்துவிட எனக்கு மனமில்லை. "ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே பழம் வாங்கித் தின்னுது, பல்லைக் காட்டிச் சிரிக்குது. வலிச்சா கத்தாதா?" என்று கேட்டார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

கத்தாது அண்ணா. விஷயமே அதுதான்.

முதலில் அந்தச் சிரிப்பு. ரீசஸ் குரங்கு அப்படிப் பல்லைக் காட்டினால் பெரும்பாலும் 'நான் அடங்கிட்டேன், அடிக்காதே' என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் இத்தனை பேர் சிரித்தீர்கள்.

ஆறு வருடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குரங்குகளுக்கு மருத்துவம் பார்த்தேன் என்பது இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். அது எந்த இடம் என்று கேட்காதீர்கள். குரங்கு கூட்டத்தில் வாழ்கிற பிராணி. நொண்டினால் அதன் இடம் பறிபோகும். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் நாமும் அதன் கணக்கில் வேட்டைக்காரர்கள்தான். நம் முன்னால் அது எதையும் காட்டாது.

அங்கே ஒரு பெண் குரங்கு, நீண்டவால் இனம். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை நான் போனதும் கூண்டின் முன்பக்கம் வந்து நிமிர்ந்து உட்கார்ந்தது. கையிலிருந்து திராட்சையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. சார்ட்டில் 'பி.ஏ.ஆர்.' என்று எழுதினேன். விழிப்பாக இருக்கிறது, கவலை இல்லை என்பதற்கு எங்கள் தொழிலில் அந்த மூன்றெழுத்துதான். மதியம் வேறு எதற்கோ கேமரா பதிவை ஓட்டிப் பார்த்தேன். நான் கதவைச் சாத்தி இருபது நொடிகூட ஆகவில்லை. கன்னப்பையில் அடக்கி வைத்திருந்த திராட்சையை விரலால் எடுத்துக் கீழே போட்டது. பின்மூலைக்குப் போய், முதுகை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் அசையாமல் இருந்தது. முந்தின நாள் மாலை போட்ட புப்ரெனார்ஃபின் என்ற வலிமருந்தின் வேகம் எப்போதோ இறங்கிவிட்டிருக்கிறது. சாதாரண ஊசி ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. 'காலையில் பார்த்துவிட்டு அடுத்த டோஸ்' என்று எழுதி வைத்தது யார்? நான்தான்.

'பார்த்துவிட்டு' என்ற அந்த ஒரு வார்த்தைதான் தப்பு. மனிதனுக்கு வலிக்கக்கூடியது மற்ற விலங்குக்கும் வலிக்கும் என்றே எடுத்துக்கொள், இல்லை என்று நிரூபணமாகும் வரை. இது 1985-லேயே அமெரிக்க அரசு ஆய்வாளர்களுக்குச் சொன்ன நெறி. கத்தி வைப்பதற்கு முன்பே மருந்து, பிறகு கடிகாரத்தைப் பார்த்து மருந்து. வலிக்கிறது என்று நிரூபிப்பது குரங்கின் வேலை இல்லை.

'மருந்து கொடுத்தால் ஆய்வு முடிவு கெட்டுவிடுமே' என்பீர்கள். நியாயமான கேள்வி. மெலாக்ஸிகாம் என்ற வலிமருந்து அழற்சியை, அதாவது உடலின் வீக்க எதிர்வினையை, குறைக்கும், அழற்சியையே ஆராய்கிறவருக்கு அது சிக்கல்தான். அதற்கு வேறு மருந்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஆனால் வலி மட்டும் சும்மா இருக்குமா? கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், சாப்பாடு குறையும், நோய் எதிர்ப்பு மாறும். அதெல்லாம் முடிவைக் கெடுக்காதா?

'நீ பிரியாணி சாப்பிடுறியே?' ஆமாம், சாப்பிடுகிறேன். அடுத்தது.

'கோவாக்சின் போட்டுக்கிட்டியா?' போட்டுக்கொண்டேன். 20 ரீசஸ் குரங்குகளில் சோதித்த ஊசி என்று தெரிந்தேதான். ஆய்வே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? வலிமருந்தைப் பற்றித்தானே பேசுகிறேன்?

'நீயும் அங்கே சம்பளம் வாங்கினவதானே' என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து கேட்டார். வாங்கினேன் தம்பி. அந்த நாற்பது நிமிடப் பதிவைப் பார்த்ததும் நான்தான். உங்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

சரி, கத்தினால் மட்டும் நம்பிவிடுவோமா? 1980-கள் வரை பச்சைக் குழந்தைகளுக்கே பல இடங்களில் தசையைத் தளர்த்தும் மருந்தோடு, போதிய வலிமருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை செய்தார்கள். நரம்பு முதிரவில்லை, அழுவதெல்லாம் அனிச்சை என்று விளக்கம் வேறு. 1987-ல் ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையின்போது ஃபென்டனில் என்ற வலிமருந்தைக் கொடுத்துப் பார்த்து, உடல் படும் பாடும் சிக்கல்களும் குறைவதைக் காட்டினார்கள். கத்தினால் அனிச்சை, கத்தாவிட்டால் வலியே இல்லை. நல்லா இருக்கு உங்க நியாயம்.

என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஒரு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் "பத்துக்கு எத்தனை வலிக்குது?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல தம்பி, லேசாத்தான்" என்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப்போயிருந்தது. அவர் விரலைப் பார்க்கவில்லை. "நல்லாத்தானே உக்காந்திருக்காங்க" என்று ஃபைலை மூடினார். மூன்றாம் நாள் அவசரமாக அறுக்க வேண்டியதாயிற்று. அவரை மட்டும் திட்டி என்ன செய்ய, நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

இப்போதும் வீடியோ கால் போட்டு "எப்படிம்மா இருக்கே?" என்றால், "நல்லா இருக்கேன்டி" என்று சொல்லிக்கொண்டே போனை மல்லாக்க வைத்துவிடுகிறாள். எனக்கு விட்டத்தில் சுற்றுகிற ஃபேன் மட்டும் தெரிகிறது.