மாதச் சம்பளக்காரன்

என் அப்பப்பா திருகோணமலைத் திருக்கடலூரில் கரைவலை இழுத்தவர். கடிகாரம் கட்டியதில்லை. விடியப்புறம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பார். “காத்து பிழை, இண்டைக்கு வலை வளைக்கேலாது” என்றால் அன்று முழுக்க வீட்டில்தான். வளைத்த நாளில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கு போக மிச்சத்தை ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். மீன் படாவிட்டால் பங்கும் இல்லை. கடல் கொந்தளிக்கும் வாடைக் காலத்தில் எங்கள் அடுப்பு எரிந்தது சம்மாட்டியிடம் வாங்கிய கடனில். கடற்கரை வாழ்க்கையை நினைத்து உருகிப் பதிவு போடுகிறவர்கள் அந்தக் கடனை மறந்துவிடுகிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் அப்பா சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். சுவரில் கடிகாரம் ஏறியது. மூலைக்கடைக் கொப்பியில் “சம்பளம் எடுத்ததும்” என்று எழுத இடம் கிடைத்தது. சித்தப்பாவும் பின்னால் அங்கேயே சேர, கல்யாணம் பேசப் போன இடத்தில் பெண்ணின் தாய்மாமன் கேட்ட முதல் கேள்வி: “தம்பிக்கு ஈ.பி.எப். கட்டுறாங்களா?” ஓய்வுபெறும்போது கையில் வரும் ஊழியர் சேமலாப நிதியைத்தான் கேட்டார். சாதகம் அப்புறம்தான் வெளியே வந்தது.

பள்ளிக்கூடத்தில் ஜேம்ஸ் வாட், 1769, நீராவி இயந்திரம் என்று பாடமாக்கினோம். இங்கிலாந்து நெசவாளர்களும் அப்பப்பா மாதிரி ஆட்கள்தான் என்று யாரும் சொல்லித்தரவில்லை. தறி வீட்டில் இருந்தது, நெய்த துணிக்குக் காசு. ஞாயிறு குடித்த களைப்புக்குத் திங்களும் லீவு; அதற்குப் ‘புனிதத் திங்கள்’ என்று கிண்டலாகப் பெயர்கூட வைத்திருந்தார்கள். 1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் என்ற முதலாளி அங்கே குரொம்போர்ட் என்ற ஊரில் தண்ணீரில் ஓடும் நூற்பாலையைக் கட்டினார். அங்கே 12 மணி நேர ஷிப்ட். சக்கரம் சுற்றினால் ஆள் நிற்க வேண்டும். இப்படி ஆலைகள் பெருகப் பெருக, புனிதத் திங்களும் மெல்லச் செத்துப்போனது.

ஆனால் மன்செஸ்டரில் ஓர் ஆலைக்குப் பின்னால் சாயப் பட்டறை, மெஷின் செய்யும் பட்டறை, 1830இல் லிவர்பூலுக்கு ரயில் என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. திருகோணமலைக்குத் தொழில் வந்தது துறைமுகத்தின் ஆழத்தைப் பார்த்து. பிரித்தானியக் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதால்தான் சீனன்குடாக் காட்டுக்குள் அந்த எண்ணெய்த் தாங்கிகள். இன்றும் 99 நிற்கின்றன. பிரிமா மாவாலைக்குக் கோதுமை கப்பலில் வருகிறது, சீமெந்து ஆலைக்கு அரைத்துச் சீமெந்தாக்கும் கிளிங்கர் கட்டிகள் கப்பலில் வருகின்றன. மாவும் சீமெந்தும் லொறி ஏறிப் போய்விடுகின்றன. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட் என்ற கனிமத்தைப் பிரித்தெடுத்து மணலாகவே கப்பலில் ஏற்றுகிறோம். ஊர் வயலோடு முடிச்சுப் போட்ட ஆலை என்றால், கரும்பில் ஓடிய கந்தளாய்ச் சீனி ஆலை. அதுவும் 1990களில் பூட்டப்பட்டது.

ஆக, ஊரில் தங்கியது சம்பளம் மட்டும்தான். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் நானும் அக்காவும் படித்தோம். 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். அப்பா ஓய்வுபெற்றபோது அந்தக் காசில் வீட்டுக்கு ஓடு மாற்றினோம்.

இப்போது அக்காவின் மகன் வேலை செய்கிறான், பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் இடத்தில். மூன்று வருடமாக அதே கேட், அதே ஹெல்மெட். ஆனால் கடதாசியில் அவன், கம்பனிகளுக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் ஏஜென்சியின் ஆள். ஈ.பி.எப். கிடையாது. இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் பெயர் வந்தால் நாளைக்கு வேலை, கப்பல் பிந்தினால் பெயர் வராது. சாப்பிடும்போதும் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பான். “மருமகனே, காத்து எப்படி?” என்று பகிடிக்குக் கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. அம்மா மட்டும் சிரித்தா.

கைத்தொழில் வலயம், முதலீடு என்று அடுத்த தேர்தலுக்கும் யாராவது எங்கள் வாசலுக்கு வருவார்கள். எத்தனை கோடி என்று எனக்குச் சொல்ல வேண்டாம். எத்தனை பேருக்குக் கம்பனி தன் பெயரிலேயே அந்த 12 வீதத்தைக் கட்டும் என்று சொல்லட்டும்.