அலையாத்திக் காடு அயல்நாட்டில் மட்டும் இல்லை

கடலோர உப்புநீரில் வளரும் மரங்களாலான அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக வேண்டுமானால் தாய்லாந்துக்குத்தான் செல்ல வேண்டும், நம் கடற்கரையில் மணலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஒருவர் சொல்வது சரியன்று. சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழியில் அமைந்துள்ள பிச்சாவரத்தில், சுரபுன்னை மரங்களின் தாங்குவேர்கள் இருபுறமும் வளைந்து நீரில் இறங்கியிருக்க, கிளைகள் கூரையாகக் கவிந்த குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகிலேயே செல்லலாம். இக்காடு 2022ஆம் ஆண்டு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தில்லை என்னும் பெயரைச் சிதம்பரத்துக்குத் தந்த தில்லை மரம் இன்றும் இங்கே வளர்கிறது (அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்க வேண்டாம்). திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டைக் காடு இதைவிடவும் பரந்தது. ஆனால் அங்கே செல்வோர் குறைவு.