ஆமாம், நான் ஜெர்மன் பக்கம்தான் விளையாடினேன்

அந்தப் போட்டோவைப் பற்றி இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பது நான்தான். பக்கத்தில் நிற்பது என் மகன். கையில் இருப்பது பெயிண்ட்பால் மார்க்கர், அதாவது சாயக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி; கையில் கட்டியிருப்பது ஜெர்மன் அணிக்குக் கொடுத்த நாடா. என்னுடைய இணையப் பக்கத்தில் நானே போட்ட படம். அதை எடுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் குழுவில் போட்டு, "இது போர்வெறி, இவரிடமா நம் பிள்ளைகள் ஆத்திசூடி படிக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்க, அதற்குக் கீழே "சரியாகச் சொன்னீர்கள் சார்" என்று வரிசையாக வந்து விழுந்ததே, அதற்குத்தான் இந்தப் பதிவு. பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் விட்டுவிடுங்கள், பெயர் சொல்லப் போவதில்லை.

போரை விளையாட்டாக ஆடுவது போரைக் கொண்டாடுவது ஆகாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். இதற்கு ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டால், இவ்வளவு எளிய விஷயத்தைப் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறதே, அதனால்தான்.

இங்கே அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் போக்கோனோ மலைப்பக்கம், ஜிம் தார்ப் என்ற ஊருக்குக் கிட்டே ஸ்கர்மிஷ் என்று ஒரு பெரிய பெயிண்ட்பால் காடு இருக்கிறது. கோடையில் அங்கே 'இன்வேஷன் ஆஃப் நார்மண்டி' என்று ஒரு ஆட்டம் நடத்துவார்கள். 1944 ஜூன் 6 அன்று நேசநாட்டுப் படைகள் பிரான்ஸ் கரையில் இறங்கிய கதையை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் நேசநாடு, இன்னொரு பக்கம் ஜெர்மனி என்று பிரிந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆடுவது. எந்தப் பாலத்தை எத்தனை மணிக்குப் பிடிக்க வேண்டும், எந்தக் கிராமத்தை விடக்கூடாது என்று இரண்டு பக்கமும் தளபதிகள் உத்தரவு போடுவார்கள், அதற்குப் புள்ளிகள் உண்டு. ஒட்டுப்பலகை அடித்த வண்டிகள் டாங்கியாக வரும், அவற்றை வீழ்த்த நுரை ராக்கெட்டால் அடிக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. ஓக்லஹோமாவில் வயண்டாட் என்ற ஊரில் 1997இல் இதே மாதிரி ஒன்றை ஒருவர் தொடங்கினார். அவருடைய தாத்தா நார்மண்டியில் இறங்கிய படையில் பொறியாளராக இருந்தவர், அவரை நினைத்துத்தான் தொடங்கினார். தாத்தாவை நினைத்து ஒரு பேரன் செய்த காரியம் போர்வெறி என்றால் எனக்குப் புரியவில்லை.

"சரி, ஜெர்மன் பக்கம் ஏன் போனாய்?" இதுதான் எல்லோருடைய கேள்வியும். எங்கள் நண்பர்கள் குழு அந்தப் பக்கம் பதிந்திருந்தது, அதனால் போனேன். எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் ஆட்டமே கிடையாது. எங்கள் அணியில் யாரும் ஸ்வஸ்திகா குத்திக்கொண்டு வரவில்லை, யாரும் ஹிட்லருக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. அப்படி ஒருவன் வந்திருந்தால் நானே முதலில் கிளம்பியிருப்பேன்.

நான் செஞ்சிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, கடைசி நாள் படுகளம் போடுவார்கள். மண்ணைக் குழைத்துத் துரியோதனனைப் படுத்த வாக்கில் அவ்வளவு பெரிதாகச் செய்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடி, தொடை பிளந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்து, சாயங்காலம் தீமிதி. ஊரே அந்தப் போருக்குள் நிற்கும். துரியோதனன் வேஷம் கட்டுகிற பெரியவர் எங்கள் தெருக்காரர். அதற்காக அவரிடம் யாராவது, "ஏன்யா, பாஞ்சாலி சேலையை இழுத்தவன் பக்கமா நீ?" என்று கேட்டார்களா? வேஷம் கட்டினால் மரியாதையாகக் கும்பிட்டார்கள். மறுநாள் அவர் மளிகைக் கடையில் நின்றார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஆட்கள்தான் இன்று குழுவில் என்னைக் கேட்கிறார்கள். அவர்கள் ஊரில் படுகளம் இல்லையென்றால் சூரசம்ஹாரமாவது இருந்திருக்கும். அங்கே சூரனைத் தூக்கியது யார்?

என்ன நடக்கிறது என்று தெரியாமல் பேசுகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. ஆட்டத்துக்குள் நுழையும் முன் ஒவ்வொருவரின் மார்க்கரையும் க்ரோனோகிராஃப் என்ற குண்டு வேகம் அளக்கும் கருவியில் சுட்டுப் பார்ப்பார்கள். நான் ஆடியபோது விநாடிக்கு 280 அடி தாண்டக் கூடாது என்பது கணக்கு. குண்டு என்பது ஜெலட்டின் தோலுக்குள் தண்ணீரில் கரைகிற சாயம், பட்டால் சுளீரென்று இருக்கும், இரண்டு நாளைக்கு நீலம் கட்டும், அவ்வளவுதான். களத்துக்குள் மாஸ்க்கை ஒரு நொடி கழற்றினாலும் ரெஃப்ரி கத்துவார். வெளியே வந்ததும் குழாய் வாயில் உறை போட்டே ஆக வேண்டும். உங்கள் பிள்ளைகள் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து ஆடும் வீடியோ கேமில் இதில் எந்த ஒழுங்கு இருக்கிறது?

அப்புறம் முக்கியமானது. குண்டு உடைந்து சாயம் பட்டால் நீங்களே கையைத் தூக்கி, "ஹிட்" என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். அந்தப் பெரிய காட்டில் ஒவ்வொருவர் பின்னாலும் ரெஃப்ரி நிற்க முடியாது. துடைத்துவிட்டு ஆடுகிறவனும் உண்டு, அவனை எல்லோரும் கேவலமாகத்தான் பார்ப்பார்கள். ரோடோடென்ட்ரான் புதர் என்றால் ஏதோ தோட்டத்துப் பூச்செடி என்று நினைக்காதீர்கள், அங்கே ஆள் உயரத்துக்குக் கிளை பின்னிக் கிடக்கும், தவழ்ந்துதான் போக வேண்டும். அப்படித் தவழ்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் சத்தம் போடாமல், நானும் என் மகனும் இன்னும் சிலரும் ஒரு பாலத்துக்குப் பின்புறம் போய்ச் சேர்ந்தோம். இன்னும் கொஞ்ச தூரம்தான். எங்கிருந்தோ வந்த குண்டு என் மகன் முதுகில் பட்டது. சுட்டவனுக்கே பட்டது தெரியவில்லை. எங்கள் ஆட்கள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் பார்த்தேன், நானும் வாய் திறக்கவில்லை. அவன் முதுகைத் தடவிப் பார்த்து, விரலில் மஞ்சள் இருந்ததைக் கண்டு, கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அவன் எழுந்ததில் நாங்கள் இருக்கும் இடம் தெரிந்து எல்லோரும் அவுட். ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. ஒரு பெரியவர் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தார். நான் அந்தப் பிள்ளைக்குப் பதினாறு வருஷமாக வாயால் சொல்லிக்கொடுத்ததை அவன் செய்து பார்த்தேன். இதைத்தான் போர்வெறி என்று எழுதினார் அந்த மனிதர்.

இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது என்றாவது பார்த்திருக்கலாம். 1981 ஜூன் 27, நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிகர் என்ற ஊர்க் காடு, பன்னிரண்டு பேர். மரங்களுக்கு அடையாளம் போடுகிற சாயத் துப்பாக்கிதான் கையில். கொடிகளைச் சேகரித்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பது ஆட்டம். ஜெயித்தவர் காட்டு வேலை செய்கிறவர், கடைசிவரை ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

பொம்பளைக்கு இந்த வயதில் இது தேவையா என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. இரண்டாயிரம் குண்டு உள்ள பெட்டிக்குக் கொடுக்கும் காசில் ஊரில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாமே என்பவர்கள், போன மாதம் க்ரூஸ் போய்வந்த படங்களைப் போட்டபோது நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுட்டுக் கொல்லும் நாட்டில் இருந்துகொண்டு மகன் கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கொடுக்கலாமா?" இதைக் கேட்டவர் மரியாதையாகக் கேட்டார், தனியாகக் கேட்டார். நியாயமான கேள்வி. என் மகன் சின்ன வகுப்பிலிருந்து விளக்கணைத்து, மேசைக்கு அடியில் ஒளிந்து பயிற்சி எடுத்தவன். சாண்டி ஹூக் பள்ளியில் 2012இல் இருபது குழந்தைகள் செத்த அன்று, அவனைத் தூக்கிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதவள் நான். எங்கள் வீட்டில் உண்மைத் துப்பாக்கி கிடையாது, வரவும் வராது. காட்டுக்குள் ஆடும் ஆட்டத்தால் அவன் முரடன் ஆகவில்லை என்று என் கண்ணால் பார்க்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்கு நான் இதைத்தான் எழுதினேன், அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது, பரவாயில்லை. அப்படிக் கேட்டால் பேசலாம்.

ஆனால் குழுவில் எழுதினார்களே, "போரின் வலி தெரியாதவர்களுக்குத்தான் போர் விளையாட்டு" என்று. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. எங்கள் தாத்தாவின் அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ஜப்பான்காரன் வந்ததும் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பர்மாவுக்கும் சயாமுக்கும் நடுவே காட்டையும் பாறையையும் வெட்டி 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். தோட்டத்துத் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். எங்கள் பெரிய தாத்தா திரும்பவில்லை. எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்று யாருக்கும் தெரியாது, அதனால் திதி கொடுக்கக்கூட நாள் இல்லாமல் மகாளய அமாவாசையில் கொடுக்கிறோம். அந்தப் பாதை போன தாய்லாந்துக் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளாகச் செத்த வெள்ளைக்கார வீரர்களுக்குப் பெயர் வெட்டிய கல் வரிசை வரிசையாக இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படி ஏது? அதைப் பற்றி இந்தக் குழுவில் யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா? தமிழ்ப் பள்ளிப் பாடத்தில் சயாம் ரயிலைச் சேர்க்கலாம் என்று நான் கூட்டத்தில் சொன்னபோது, "குழந்தைகளுக்கு எதற்கு அந்தச் சோகமெல்லாம்" என்று சொன்னது யார்? இப்போது வலியைப் பற்றி எனக்குப் பாடம்.

என் மகனுக்கு இரண்டாம் உலகப் போர் புத்தகத்தில் இரண்டு பக்கம், பரீட்சை முடிந்தால் போச்சு. அந்த ஆட்டத்தில் தட்டிக்கொடுத்தாரே, அந்தப் பெரியவர்தான் சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து, வர்ஜீனியாவில் பெட்ஃபோர்ட் என்ற சின்ன ஊரைப் பற்றிச் சொன்னார். ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே படைப்பிரிவில் சேர்ந்து நார்மண்டியின் ஒமாஹா கரையில் இறங்கி, பெரும்பாலானோர் அந்த முதல் நாளிலேயே செத்துப் போன ஊர். அதனால்தான் 2001இல் திறந்த டி-டே (நார்மண்டியில் இறங்கிய நாள்) தேசிய நினைவிடம் அந்த ஊரில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு டிஸ்னி வேண்டாம், அங்கே போகலாம் என்று கேட்டது என் மகன். போனோம். சுவரில் பதித்திருந்த பெயர்களை அவன் ஒவ்வொன்றாகப் படித்தான், நான் அவசரப்படுத்தவில்லை. திரும்பும் வழியில் காரில், "நம்ம பெரிய தாத்தா பேர் எங்கேயாவது எழுதியிருக்காம்மா?" என்று கேட்டான். இந்தக் கேள்வியை அவனுக்கு எந்தப் பாடப்புத்தகமும் கொடுக்கவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், விளையாடுவது கொண்டாடுவது ஆகாது. சிலர் நிஜமாகவே கொண்டாடுகிறார்கள், அது எனக்கும் தெரியும். ராணுவ உடுப்பு போட்டதும் ஜென்மம் எடுத்ததே இதற்குத்தான் என்று திரிகிறவர்களை அங்கேயும் பார்த்திருக்கிறேன், அவர்களோடு நாங்கள் சேர்வதில்லை. அவர்களைக் காட்டி எல்லோரையும் அடிக்காதீர்கள்.

சனிக்கிழமை வழக்கம்போல நான் வகுப்பு எடுப்பேன். சம்பளம் வாங்காமல் இத்தனை வருடம் எடுத்த வகுப்பு அது. பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்ற நினைப்பவர்கள் தாராளமாக மாற்றலாம், ஆனால் என்னிடம் நேரில் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அந்தப் படத்தில் பதினெட்டு வயது ஆகாத என் பிள்ளையின் முகமும் இருக்கிறது. என்னிடமும் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. இன்று ராத்திரிக்குள் குழுவிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்.