அடித்து வாங்கிய வாக்குமூலம் வழக்கைத்தான் கெடுக்கிறது

ஒரு களவோ கொலையோ நடந்தால் போதும், "நாலு அடி போட்டால் உண்மையைக் கக்குவான்" என்று கொமென்ட் வரிசையாக விழுகிறது. கோபம் விளங்குகிறது. ஆனால் அப்படிக் கக்க வைத்தது நீதிமன்றப் படியேறாது. இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சந்தேகநபருக்கு எதிராகச் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மட்டும் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்னது செல்லும். அந்த ஒரு வாசலால் எத்தனை இளைஞர்களின் வாழ்க்கை சிறைக்குள் போனது என்பதை எங்கள் திருகோணமலைக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சாதாரண வழக்கில் பொலிஸுக்குக் கைகொடுப்பது 27ஆம் பிரிவு. சந்தேகநபர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வசனம் மட்டும் சான்றாகும். பிழை நடக்கிற இடமும் இதுதான். கத்தியை முதலில் எடுத்துவிட்டு வாக்குமூலத்தைப் பிறகு எழுதினால், பொலிஸ் குறிப்புப் புத்தகத்து நேரங்கள் ஒன்றோடொன்று முட்டும். குறுக்கு விசாரணையில் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அந்த நேரங்களைத்தான்.

எங்கள் மாவட்டத்தில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. நீதிமன்ற மொழி தமிழ், வாக்குமூலமோ பல வேளை சிங்களத்தில். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, அதை விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவும், விளக்கம் சேர்க்க இடம் கொடுக்கவும் சொல்கிறது. கையெழுத்து கடைசி வரிக்கு நேர் கீழே வரவேண்டும். இரண்டு விரல் இடைவெளி விட்டால் அதற்குள் இன்னொரு வரி ஏறிவிடும்.

இன்னொன்று, பிடிபட்டவரின் படத்தைப் பகிராதீர்கள். வரிசையில் நிற்பவர்களுக்குள் சந்தேகநபரைச் சாட்சி காட்டும் அடையாள அணிவகுப்புக்கு முன், சாட்சி அந்த முகத்தைப் பார்த்திருந்தால் அணிவகுப்பின் பெறுமதி போய்விடும். முகத்தை மூடிக் கூட்டிவருவது அதற்காகத்தான்.

2006 ஜனவரி 2 அன்று எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். அங்கே நீதியைத் தடுத்தது சந்தேகநபரின் உரிமை அல்ல. சாட்சிகள் பயமில்லாமல் வந்து பேச வழியில்லாமல் போனதுதான்.

வீட்டில் ஒருவரைக் கொண்டுபோனால் அதிகாரியின் பெயர், எந்த நிலையம், என்ன காரணம், எத்தனை மணி என்று கேட்டு உடனே எழுதி வையுங்கள். சாதாரண சட்டத்தில், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும், அந்தக் கணக்குக்கு நீங்கள் எழுதிய நேரம் உதவும். சட்டத்தரணி பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியைச் சந்தித்துப் பேச, 2012இல் வந்த பொலிஸ் விதிகள் இடம் தருகின்றன. காயம் இருந்தால் நீதவானிடம் வாய்திறந்து சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டக் கேட்க வேண்டும். வீங்கியது வற்றிய பிறகு காட்டிப் பயனில்லை.

உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, அவசர இலக்கம் 1996. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.