இராயப்பரும் சின்னப்பரும் போட்ட பந்திச் சண்டை

ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பத்தாண்டுகளாகப் பூசைக்குப் போகாதவன் நான். அதனாலேயே, 'இயேசு என்று ஒருவர் பிறக்கவே இல்லை, எல்லாம் ரோமாபுரிக்காரன் கட்டிய கதை' என்று வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் நண்பர்கள் முதலில் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். எனக்கோ எரிச்சல்தான் வருகிறது.

சந்தேகப்பட உருப்படியான இடங்களா இல்லை? யூதேயாவை ஏரோது மன்னன் ஆண்டபோது இயேசு பிறந்தார் என்கிறது மத்தேயு நற்செய்தி. ஏரோது இறந்தது கி.மு. 4இல். ரோமானிய ஆளுநர் சிரேனியு எடுத்த குடிமதிப்புக்காக, மரியாளின் கணவர் சூசையப்பர் பெத்லகேம் போனார் என்கிறது லூக்கா நற்செய்தி. அந்தக் கணக்கெடுப்பு நடந்தது கி.பி. 6இல். ஒன்பது ஆண்டு இடிக்கிறது. பழைய யூத அரசர் தாவீதின் வம்சம் என்பதற்காகத் தாவீதின் ஊருக்கே போய்ப் பதிய வேண்டுமாம்! ரேஷன் அட்டைக்குக்கூட ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பாட்டன் ஊரை யாரும் கேட்பதில்லை. மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய வத்திக்கான், சினாய்ப் பிரதிகளில் கிடையாது. அவற்றில் பெண்கள் இயேசுவின் வெறுமையான கல்லறையைவிட்டு நடுங்கி ஓடுவதோடு கதை நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் ஆளே இல்லை என்பவர்கள் சின்னப்பர், அதாவது பவுல், கலாத்தியா நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய கடிதத்தை ஒருமுறை படிக்கட்டும். சிலுவைச் சாவு நடந்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எழுதியது. எருசலேமில் இயேசுவின் தலைமைச் சீடர் இராயப்பரோடு (பேதுருவோடு) பதினைந்து நாள் தங்கினேன், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபையும் பார்த்தேன் என்கிறார். (என் அத்தையிடம் கேட்டால் 'ஒன்றுவிட்ட சகோதரர்' என்று உடனே திருத்துவார்.) இல்லாத ஆளுக்கு ஏது சகோதரன்?

அதைவிட என்னை நம்பவைப்பது அடுத்து வரும் சண்டை. அந்தியோக்கியாவில் யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இராயப்பர், யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து தனியே ஒதுங்கிக்கொண்டார். அத்தனை பேர் முன்னிலையிலும் சின்னப்பர் அவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். தனிப்பந்தி பார்த்த நம் ஊரில் இதற்கு விளக்கவுரை வேண்டாம். மதத்தைப் பரப்பக் கதை கட்டுகிறவன் தலைவரை இப்படியா பந்தியில் எழுப்பிவிடுவான்?

எங்கள் ஊர்ப் பெயரே அந்த இராயப்பரால் வந்தது என்பார்கள். அடித்துக்கொண்ட இருவருக்கும் திருச்சபை ஒரே நாளில், ஜூன் 29இல், திருவிழா வைத்திருக்கிறது. அன்றைக்கு அத்தை வீட்டில் பிரியாணி. பூசைக்குப் போகமாட்டேன், பந்திக்குப் போவேன்.