போர்டுல காரணத்தையும் எழுதுங்க
சிங்கப்பூர் பார்க்குல தமிழையும் சேர்த்து நாலு மொழியிலயும் எச்சரிக்கை போர்டு வச்சாலே மக்களுக்கு இயற்கை மேல அக்கறை வந்துடும்னு ஒரு கட்டுரையில படிச்சேன், எனக்கு அப்படித் தோணல. தமிழ்ல எழுதுறது நல்லதுதான், வேணாம்னு சொல்லல, ஆனா எந்த மொழியா இருந்தாலும் 'தீனி போடாதீங்க, அபராதம்'னு மட்டும் போட்டா படிக்கிறவங்க மனசுல நிக்கிறது அபராதம்தான். 2020 ஜூன்ல இருந்து காட்டு உயிர்களுக்கு தீனி போட்டா முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் ஃபைன், புறாவும் அதுல சேர்த்திதான், ஆனாலும் எங்க அடுக்குமாடி புளோக்ல ஒரு பாட்டி அமாவாசைக்கு காக்காவுக்கு சோறு வைக்கிறத விடல, யாரும் பாக்கலன்னா வச்சிட்டு விறுவிறுன்னு போயிடுவாங்க, அவங்களுக்கு அது முன்னோருக்குப் போற சோறு, போர்டு அந்த நம்பிக்கைகிட்ட பேசவே இல்லையே. அந்தக் கட்டுரைக்குக் கருத்து போட்ட ஒருத்தர் ஃபைன கூட்டுங்கன்னு எழுதியிருக்காரு, கூட்டினா இன்னும் விடியக்காலைல வைப்பாங்க, அவ்வளவுதான். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பக்கம் இருக்குற நீண்டவால் குரங்குங்க பழத்த தின்னுட்டு விதைய காட்டுக்குள்ள பரப்புதுங்க, நாம ரொட்டி குடுத்துப் பழக்கினா காட்ட விட்டு ரோட்டுக்கு வந்து பிளாஸ்டிக் பையப் பாத்தாலே பாயுதுங்க, இத எடுத்துச் சொன்னப்புறம்தான் எங்க வீட்டுப் பசங்க பிஸ்கட் பாக்கெட்ட உள்ள வச்சாங்க, அதுவரைக்கும் அந்த போர்டு அவங்களுக்கு செல்ஃபி எடுக்குற இடம்! பீஷான் அங் மோ கியோ பூங்காவுல கான்கிரீட் கால்வாய ஆறா மாத்தி 2012ல தொறந்தாங்க, அங்க நீர்நாய் தலையக் காட்டினா கூட்டம் தானா கூடுது, அந்த மாதிரி இடத்துல ரெண்டு வரி காரணம் எழுதி வைங்க, பொடி எழுத்துல இல்லாம, வீல்சேர்ல வர்றவங்களும் படிக்கிற உயரத்துல.